ஐ-864 வருமானக் கணக்கு: சொந்தச் சம்பளம், வீட்டார் சம்பளம், சொத்து, அடுத்தவர் கையெழுத்து

உறவினரை அமெரிக்காவுக்கு அழைக்கப் போடும் ஐ-130 மனு ஏற்கப்பட்டதும் பாதி வேலை முடிந்தது என்று மூச்சு விடுகிறவர்களுக்கு அடுத்து வருவது ஐ-864. அமெரிக்காவுக்குக் குடிவருகிறவரை அரசாங்கத்தின் தலையில் விழவிடாமல் நானே பார்த்துக்கொள்வேன் என்று ஸ்பான்சர் செய்கிறவர் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் இது. 1996-இல் வந்த குடிவரவுச் சட்டத்திருத்தத்தின்படி இது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். வெறும் ஒப்புக்கு எழுதும் உறுதிமொழிக் கடிதம் இல்லை. எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்றும் வருமானம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு நான்கு வழிகள் உண்டு: சொந்த வருமானம், வீட்டில் உடன் வசிப்பவரின் வருமானம், சொத்து, ஜாயிண்ட் ஸ்பான்சர் (உங்களோடு சேர்ந்து தனியாக ஐ-864 எழுதிக்கொடுக்கும் இன்னொருவர்). வருமானம் கொஞ்சம் குறைந்தால் போதும், நம் ஆட்கள் பலரும் நேராக நான்காவதற்கு ஓடுகிறார்கள். "நண்பன் ஒருவன் நல்ல சம்பளத்தில் இருக்கிறான், கையெழுத்து வாங்கிவிடலாம்" என்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. என் கணக்கில் அது கடைசியில் வரவேண்டியது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் எல்லைக்கோடு எங்கே என்று தெரிய வேண்டும். சுகாதாரத் துறை ஆண்டுதோறும் வறுமைக்கோட்டு வரம்பு ஒன்றை வெளியிடுகிறது. ஸ்பான்சரின் வருமானம் அதில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். ராணுவத்தில் பணியில் இருப்பவர் மனைவியையோ கணவரையோ பிள்ளையையோ அழைத்தால் மட்டும் 100 சதவீதம் போதும். 2025 வரம்பின்படி இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு 26,437 டாலர், நான்கு பேருக்கு 40,187, ஆறு பேருக்கு 53,937. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனி வரம்பு, இதைவிட அதிகம்.

தலைக்கணக்கில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உங்களையும், கணவன் அல்லது மனைவியையும், திருமணமாகாத சின்னப் பிள்ளைகளையும் எண்ண வேண்டும். வரிக்கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டிய எல்லோரையும் எண்ண வேண்டும். இப்போது அழைக்கிறவரோடு, முன்பு நீங்கள் ஐ-864 கையெழுத்திட்டு வரவழைத்து இன்னும் பொறுப்பு முடியாதவர்களும் சேருவார்கள். மனைவிக்கு வேலை இருந்தாலும் அவர் ஒரு தலைதான். அப்பா அம்மா இருவரையும் அழைத்தால் மனு தனித்தனி, ஐ-864-உம் தனித்தனி. ஆனால் ஒருவருக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு அடுத்தவருக்கு இடிக்கிறது என்று நிற்காமல், ஆரம்பத்திலேயே இருவரையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

சொந்த வருமானம்

இது போதுமானால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். தாளும் குறைவு, கேள்வியும் குறைவு, வேறு யாரும் சிக்குவதில்லை. கடைசி ஆண்டின் கூட்டாட்சி வரிக்கணக்கு (வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் டிரான்ஸ்கிரிப்ட்டாக எடுத்தால் இன்னும் சுலபம்), டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்று, சமீபத்திய பே ஸ்டப்கள் (சம்பளச் சீட்டுகள்), பதவியும் சம்பளமும் குறிப்பிட்டு நிறுவனம் தரும் கடிதம், இவ்வளவுதான்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. போன வருடம் பாதியில் வேலை போய், வரிக்கணக்கில் 22,000 டாலர்தான் இருக்கிறது, இப்போது 70,000 டாலர் வேலை கிடைத்துவிட்டது என்றால் பலர் பயந்துபோய் ஜாயிண்ட் ஸ்பான்சர் தேடுகிறார்கள். தேவையில்லை. படிவம் முக்கியமாகக் கேட்பது நடப்பு ஆண்டு வருமானத்தை. வரிக்கணக்கு அதற்குத் துணைச் சான்று. பே ஸ்டப்பும் நிறுவனக் கடிதமும் வலுவாக இருந்தால் பழைய குறைவை ஒரு பத்தியில் விளக்கி அனுப்பிவிடலாம். தலைகீழாகவும் இது பொருந்தும்: போன வருடம் ஒரு லட்சம் வாங்கி, இப்போது வேலை இல்லாமல் இருக்கிறவருக்கு அந்த ஒரு லட்சம் கைகொடுக்காது.

சிக்கல் சொந்தத் தொழில் செய்பவர்களுக்குத்தான். கடையில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் புரளலாம். செலவெல்லாம் கழித்து வரிக்கணக்கில் 18,000 என்று காட்டியிருந்தால் ஐ-864-க்கும் அதுதான் வருமானம். வரியைக் குறைக்கக் காட்டிய கெட்டிக்காரத்தனம் இங்கே வந்து கடிக்கும். அழைக்கும் எண்ணம் இருப்பவர்கள் முந்தின வருடமே கணக்காளரிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

உணவு உதவி போன்ற, வருமானம் குறைந்தவர்களுக்குத் தரப்படும் அரசு உதவிகள் வருமானத்தில் சேராது. வாங்குவது தடை இல்லை, கூட்டிக் காட்டத்தான் முடியாது.

வீட்டில் இருப்பவரின் வருமானம்

சொந்தச் சம்பளம் இடித்தால் அடுத்து நான் பார்க்கும் இடம் இது. உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் கணவன் அல்லது மனைவி, 18 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தவர் ஆகியோர் ஐ-864ஏ என்ற துணைப் படிவத்தில் கையெழுத்திட்டால் அவர்கள் வருமானத்தை உங்களுடையதோடு கூட்டிக்கொள்ளலாம். ஜாயிண்ட் ஸ்பான்சருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இந்தக் 'கூட்டிக்கொள்ளலாம்' என்பதில்தான் இருக்கிறது. உங்களுக்கு 30,000, மனைவிக்கு 28,000 என்றால் 58,000 ஆகிவிடுகிறது. ஆறு பேர் குடும்பத்துக்கு அது போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஐ-864ஏ-யில் கையெழுத்திடுகிறவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முறையான அனுமதியோடு வேலை பார்த்து வரும் வருமானமாக இருந்தால் சரி. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வேலை பார்க்கும் உடன்பிறந்த தம்பி கூட வீட்டில் இருந்தால், அவர் சம்பளம் கணக்கில் வரும். ஆனால் அதே வீட்டில் மச்சான் இருந்தால் வராது! பட்டியலில் மாமியார், மைத்துனர், சகலை யாரும் இல்லை. நம் வீடுகளில் சகஜமாக ஒன்றாக இருக்கும் உறவுகளில் பாதி இந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறது. அவர்களை வரிக்கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டியிருந்தால் கதை வேறு. கூடவே நினைவில் வைக்க வேண்டியது: யார் வருமானத்தைச் சேர்க்கிறீர்களோ அவரும் தலைக்கணக்கில் சேருவார்.

வருகிறவரின் வருமானத்தைச் சேர்க்கலாமா என்றும் கேட்பார்கள். அவர் உங்கள் கணவனாகவோ மனைவியாகவோ இருந்தாலும், உங்களோடு ஒரே வீட்டில் வசிப்பவராக இருந்தாலும், கிரீன் கார்டு கிடைத்த பிறகும் அதே இடத்திலிருந்து வருமானம் தொடரும் என்றால் சேர்க்கலாம். உதாரணமாக, ஏற்கனவே அமெரிக்காவில் வேலை பார்க்கும் மனைவி. சென்னையில் மகனின் மனுவுக்காகக் காத்திருக்கும் அப்பாவின் ஓய்வூதியம் மாதாமாதம் தவறாமல் வந்தாலும், அவர் உங்கள் வீட்டில் வசிப்பவர் இல்லை என்பதால் சேராது. அவருடைய சேமிப்போ சேரும். அது அடுத்த வழி.

சொத்து

ஆட்கள் அதிகம் தொடாத வழி இது. சின்னப் பள்ளத்தை அடைக்க இதைப்போல வேறு இல்லை. விதி இப்படி: வருமானம் எவ்வளவு குறைகிறதோ அதைப்போல் ஐந்து மடங்கு சொத்து காட்ட வேண்டும். அமெரிக்கக் குடிமகன் தன் மனைவியையோ கணவரையோ, 18 வயது நிறைந்த பிள்ளையையோ அழைத்தால் மூன்று மடங்கு போதும். மொத்த வரம்பில் ஐந்து மடங்கு என்று சிலர் தப்பாகப் புரிந்துகொண்டு கைவிட்டுவிடுகிறார்கள். பெருக்க வேண்டியது குறைகிற தொகையை மட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒருவர் மட்டும் சம்பாதிக்கிறார், ஆண்டுக்கு 48,000 டாலர். அவர் அப்பா அம்மாவை அழைக்கிறார். ஆறு தலைக்கு 53,937 வேண்டும், 5,937 குறைகிறது. ஐந்தால் பெருக்கினால் 29,685 டாலர். வங்கியிலும் பங்குகளிலுமாக முப்பதாயிரம் இருந்தால் யார் வாசலிலும் நிற்க வேண்டாம். குடிமகன் ஒருவர் 20,000 சம்பளத்தில் மனைவியை அழைத்தால் குறைவது 6,437, மூன்றால் பெருக்கினால் 19,311.

எந்தச் சொத்து என்பதில் கண்டிப்பு உண்டு. ஓர் ஆண்டுக்குள் காசாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வீடு காட்டலாம், ஆனால் மதிப்பில் பாக்கிக் கடனைக் கழித்து மிஞ்சுவது மட்டும். கார் காட்டலாம்; ஆனால் ஓடக்கூடிய இன்னொரு கார் இருந்தால்தான். ஓய்வுகால சேமிப்பு என்றால், முன்கூட்டி எடுத்தால் போகும் வரியையும் அபராதத்தையும் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிறவருடைய சொத்தும் சேரும், அது இந்தியாவில் இருந்தாலும். அதை விற்க முடியும், பணத்தை வெளியே கொண்டுவர முடியும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் தம் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை அனுப்ப இந்திய விதிகள் இடம் தருகின்றன என்பதால் சாதாரணக் குடும்பத்துக்கு அது தடையாகாது. தடையாவது தாள்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கை, பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று நீளும். கூட்டுப் பட்டாவில் இருக்கும் பூர்வீக நிலத்தைக் காட்டுவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அதை ஓர் ஆண்டுக்குள் விற்க முடியும் என்று உங்கள் சொந்தக்காரர்களே நம்ப மாட்டார்கள். வைப்புத் தொகை ரசீதும் ஓராண்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் இதைவிட ஆயிரம் மடங்கு சுலபம்.

ஜாயிண்ட் ஸ்பான்சர்

தாளில் பார்த்தால் இதுதான் சுலபம். சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை, ஒரே வீட்டில் இருக்கத் தேவையில்லை. 18 வயது நிறைந்த, அமெரிக்காவில் வசிக்கும் குடிமகன் அல்லது கிரீன் கார்டுகாரர் போதும். உங்களிடம் வருமானமே இல்லாவிட்டாலும் இது செல்லும். படித்துக்கொண்டே மனைவியை அழைக்கும் இளம் குடிமகனுக்கு வேறு வழியே இல்லாமலும் போகலாம்.

ஆனால் கூட்டல் கிடையாது. உங்கள் 40,000-ஐயும் நண்பரின் 40,000-ஐயும் சேர்த்து 80,000 என்று காட்ட முடியாது. அவர் தன் குடும்பத்தையும் உங்கள் ஆட்களையும் சேர்த்து எண்ணி, தனியாக வரம்பைத் தாண்ட வேண்டும். நான்கு பேர் குடும்பம் உள்ளவர் உங்கள் அப்பா அம்மா இருவருக்கும் பொறுப்பேற்றால் அவருக்கும் அதே 53,937 தான். அவர் வந்துவிட்டார் என்பதால் நீங்கள் ஐ-864 போடாமல் இருக்கவும் முடியாது. மனு செய்தவர் வருமானம் பூஜ்யமானாலும் போட்டாக வேண்டும், பொறுப்பிலும் இருக்க வேண்டும். தூதரக நேர்காணலில் "இவர் யார், ஏன் கையெழுத்திடுகிறார்?" என்று கேட்டால் பதில் சொல்ல அப்பா தயாராக இருக்க வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிது அந்த நண்பர் தலையில் ஏறுவது. வருகிறவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும் வரை (ஏறக்குறைய பத்து ஆண்டு), அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகும் வரை, அல்லது இறக்கும் வரை பொறுப்பு தொடரும். எழுபது வயது அம்மா வேலைக்குப் போகப்போவதில்லை. குடியுரிமைத் தேர்வும் எழுதவில்லை என்றால் அவர் காலம் முழுதும் என்றுதான் அர்த்தம். மனைவியை அழைத்துவிட்டுப் பின்னால் விவாகரத்து ஆனாலும் ஒப்பந்தம் முடிவதில்லை. உங்களுக்கும் அப்படியே, கையெழுத்துப் போட்ட நண்பருக்கும் அப்படியே. வந்தவர் சில அரசு உதவிகளை வாங்கினால் அந்தத் தொகையை அரசு ஸ்பான்சரிடம் கேட்கலாம். வந்தவரே ஸ்பான்சர் மேல் வழக்குப் போட்டு ஆதரவு கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. விசா கொடுக்கும் முன் எழுதிக்கொடுத்து விலகலாம். அவர் வந்து குடியேறிய பிறகு விலக முடியாது.

பொதுவாக யாரும் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கு அந்த நண்பர் தன் சொந்த அப்பா அம்மாவை அழைக்கும்போது உங்கள் அப்பாவும் அம்மாவும் அவர் தலைக்கணக்கில் இருப்பார்கள். இப்போது ஆறு பேருக்குக் காட்டியவர் அப்போது எட்டுப் பேருக்குக் காட்ட வேண்டும். கேட்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மூன்று வருடம் கழித்து அவர் தானாகத் தெரிந்துகொண்டால் நட்பு பழையபடி இருக்காது.

ஐ-864ஏ போடுகிறவருக்கும் இதே பொறுப்புதானே என்று கேட்டால், ஆமாம், அதேதான். ஆனால் அங்கே கையெழுத்திடுவது உங்கள் மனைவியோ தம்பியோ. அந்தச் சுமை ஏற்கனவே உங்கள் வீட்டுச் சுமைதான்.

சரி, எப்போது எது?

குறைவது ஏழெட்டாயிரத்துக்குள் இருந்து கையில் சேமிப்பும் இருந்தால் சொத்து. வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தால் ஐ-864ஏ. இரண்டும் இருந்தால் நான் ஐ-864ஏ-யையே எடுப்பேன், ஏனென்றால் அதிகாரிக்குச் சம்பளத்தைப் பார்ப்பது பழகிய வேலை; சொத்து என்றால் ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காட்டவும் தடையில்லை. பள்ளம் இருபதாயிரத்துக்கு மேல் போய், ஐந்தால் பெருக்கினால் லட்சத்தைத் தாண்டும்போதுதான் ஜாயிண்ட் ஸ்பான்சர் பேச்சை எடுப்பேன், அதுவும் கூடப்பிறந்தவர்களில் யாராவது இருந்தால் அவரிடம் முதலில். அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கே பாரமானால், மனுக்கள் தனித்தனி என்பதால் அண்ணன் அப்பாவுக்கும் அக்கா அம்மாவுக்குமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும், நேர்காணல் தள்ளிப்போய் இடையில் புது வரிக்கணக்கு தாக்கல் ஆகிவிட்டால் அதன் நகலையும் புதிய பே ஸ்டப்களையும் அப்பாவிடம் அனுப்பிவையுங்கள். பழைய தாள்களை மட்டும் நீட்டி, தாள் போதாது என்று 221(ஜி) அறிவிப்புப் போட்டு விசா நிறுத்திவைக்கப்படுவது வீண் அலைச்சல். விசா வந்து அவர்கள் குடியேறியபின் வீடு மாறினால் கையெழுத்திட்ட ஒவ்வொரு ஸ்பான்சரும் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் புது முகவரி தெரிவிக்க வேண்டும். ஜாயிண்ட் ஸ்பான்சர் வைத்திருந்தால் அவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள், பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.