பழைய டிவிடிகளுக்கு எந்த டிரைவ்: உள்ளே பொருத்துவதா, வெளியே செருகுவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பல தோட்டக் குடும்பங்களின் கல்யாண வீடியோக்களும் திருவிழா வீடியோக்களும் இன்னும் டிவிடியிலும் விசிடியிலும்தான் இருக்கின்றன. நம் வெக்கையும் ஈரமும் தட்டுகளை வீணாக்குவதற்குள் அவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். அதற்குத் தட்டைப் படிக்கும் டிரைவ் ஒன்று தேவை.

கணினிப் பெட்டிக்குள் பொருத்தும் 5.25 அங்குல சாட்டா (கணினிக்குள் இணைக்கும் கேபிள் வகை) டிரைவ், பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். குறை அதன் இரைச்சல்தான். சிடியைச் சாதாரணமாக ஓட்டும் வேகத்தைப் போல 48 மடங்கில் படிக்கும்போது தட்டு நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுழலும். மேலே காகித லேபிள் சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தால் போதும், பெட்டி முழுவதும் அதிரும். கணினியில் லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் 'இஜெக்ட்' கட்டளையால் வேகத்தைக் குறைக்கலாம். சத்தம் உடனே அடங்கும். கீறல் விழுந்த தட்டும் மெதுவாகச் சுழன்றால் பல நேரம் ஒழுங்காகப் படிக்கும்.

யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ் பொதுவாகச் சிடிக்கு 24 மடங்கு, டிவிடிக்கு 8 மடங்கோடு நின்றுவிடும். அதனால் இயல்பாகவே அமைதியானது. நிறைந்த 4.7 ஜிபி டிவிடிக்கு ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். மின்சாரத்தில் மட்டும் கவனம் தேவை: யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர்தான். ஒரு துளையைப் பலதாக்கும் ஹப் வேண்டாம், கணினியின் பின்பக்கத் துளையிலேயே செருகுங்கள்.

பிள்ளைகள் தூங்கும் சின்ன வீட்டுக்கு நான் மெல்லியதைத்தான் சொல்வேன். பெட்டி பெட்டியாகத் தட்டுகள் இருந்தால் உள் டிரைவ் சரி. அப்புறம், பழையதை வாங்கினால், கீறல் விழுந்த ஒரு தட்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.