தனுஷ்கோடிப் பூநாரைகளா, சக்கரக்கோட்டைக் கண்மாயா?

அலாஸ்காவின் புரூக்ஸ் அருவியில் பழுப்புக் கரடிகள் நின்று, எதிர்நீச்சலில் துள்ளி வரும் சால்மன் மீன்களை வாயால் கவ்வும் காட்சியைக் கைப்பேசியில் பார்த்த என் மகள், "நம் ஊரில் இதுபோல எங்கே அப்பா பார்க்கலாம்?" என்று கேட்டாள். கரடி இல்லாவிட்டால் என்ன? இரை தேடிக் கூட்டமாய்க் கூடும் பறவைகளுக்கு ராமநாதபுரக் கரையில் பஞ்சமே இல்லை. கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. தனுஷ்கோடியை விட்டுவிட்டுச் சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குத்தான் போனோம். அடுத்த ஆண்டும் அங்கேதான் போவோம்.

தூரம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சக்கரக்கோட்டை ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருக்கிறது. தனுஷ்கோடிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

தனுஷ்கோடியின் அழகைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் ஒன்றாக நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் பேச்சு வராது. அந்தப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக 2025 ஜூனில் அரசு அறிவித்தது, நல்ல செய்தி. அவை உண்ணும் விதமும் அலாதி. அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, காலால் சேற்றைக் கிளறி, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களையும் பாசியையும் வடித்தெடுக்கின்றன. ஆனால் அந்த இரை ஏக்கர் கணக்கில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கிறது. அதனால் பறவைகளும் பரவி, நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நாம் நெருங்கினால் விலகிப் போகின்றன. நெருங்கித் துரத்துவதும் தவறு. வெயில் ஏறியதும் கானல் எழுந்து, இருநோக்கியில் இளஞ்சிவப்புக் கோடுகள் மட்டுமே நடுங்கும்.

கண்மாயில் நடப்பது இதற்கு நேர்மாறு. என் முடிவைத் தீர்மானித்ததும் அந்த ஒன்றுதான்: வற்றும் நீர். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய கண்மாய், தை முடிந்ததும் உள்வாங்கத் தொடங்குகிறது. பரந்து திரிந்த மீன்கள் பள்ளங்களில் நெருக்கியடித்துச் சேர்கின்றன. புரூக்ஸில் ஏறத்தாழ 2 மீட்டர் உயர அருவி சால்மனைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால்தான் வழக்கமாகத் தனித்துத் திரியும் கரடிகள்கூட அங்கே ஒன்றையொன்று சகித்துக்கொண்டு நிற்கின்றன. இங்கே அருவியின் வேலையை வெயில் செய்கிறது. பறவைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரையில் அசையாமல் உட்கார்ந்தால் போதும், அவை பள்ளத்துக்கு வந்து சேரும்.

மாசி மாதக் காலையில் நாங்கள் பார்த்தது இது. சங்குவளை நாரைகள் பாதி திறந்த அலகை நீரில் இறக்கி இடமும் வலமுமாக வீசி நடந்தன. அவற்றுக்கு மீன் கண்ணில் பட வேண்டியதில்லை. அலகில் பட்டால் போதும், நொடியில் மூடிக்கொள்கிறது. அதனால் கலங்கிய நீர் அவற்றுக்குத் தடையில்லை. ஒரு சாம்பல் நாரை கெளுத்தி ஒன்றைப் பிடித்தது. முள் விரிந்து நின்றதால் விழுங்க முடியவில்லை. கரையோரம் போட்டது, கொத்தியது, மறுபடி தூக்கித் திருப்பியது. தலை முன்னால் வரும்படி மீன் அமைந்த பிறகே அதன் தொண்டை வீங்கி இறங்கியது. என் மகள் அதுவரை மூச்சை அடக்கியிருந்தாள். அந்த நேரமே கருவேல மரங்களில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. மீன் நெருங்கிச் சேரும் காலத்தை ஒட்டியே இந்த நாரைகள் குஞ்சு பொரிக்கின்றன. இரை எடுத்த பறவை எந்த மரத்துக்குப் போகிறது என்று கண்ணாலேயே தொடர முடிகிறது. தனுஷ்கோடியில் இந்த இரண்டாம் பாதி கிடையாது, பூநாரைகள் அங்கே கூடு கட்டுவதில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கண்மாய் நிறைந்திருக்கும்போது வந்தால் மரத்தைத்தான் பார்ப்பீர்கள் தம்பி. தண்ணீர் குறையட்டும், அப்புறம் வாருங்கள்" என்றார். முந்தைய ஆண்டு மார்கழியில் வந்து ஏமாந்தது அப்போதுதான் புரிந்தது.

கண்மாயின் பலவீனம் மழையே. பருவமழை பொய்த்தால் நீரும் இல்லை, கூடும் இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில் யோசிக்காமல் தனுஷ்கோடிக்குப் போங்கள், கடல் வற்றாது. இதே மாவட்டத்தின் இன்னொரு பறவைகள் சரணாலயமான தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையைப் போலவே 2025இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது; ஆனால் அங்கே ஒரே ஒரு மாலைதான் இருந்திருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. பூநாரைகளையும் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், மூன்றும் காலை நேரம். மாலை ஒளியில் பார்த்தவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

கண்மாய்க்குப் போகிறவர்கள் விடிவதற்குள் கரையேறி, சூரியன் முதுகுப் பக்கம் வரும்படி இடம் பிடியுங்கள். குழந்தைகளுக்கு வெளிர் நிறச் சட்டை வேண்டாம். என் மகளின் மஞ்சள் சட்டைக்கு முதல் அரை மணி நேரம் ஒரு நாரைகூடப் பள்ளத்தில் இறங்கவில்லை. என் பழுப்புத் துண்டைப் போர்த்திவிட்ட பிறகுதான் வந்தன.