கூட்டம் போட எந்த இடம்: கல்லூரி வகுப்பறையா, கிளை நூலகமா?

புதிதாகத் தொடங்கிய மாணவர் சேவைக் குழுவிடம் வாடகைக்குப் பணம் இருக்காது. தமிழ்நாட்டில் செலவில்லாமல் கிடைக்கக்கூடிய இடங்கள் இரண்டு.

வகுப்பறையில் மின்விசிறி, கரும்பலகை, சில சமயம் புரொஜெக்டர்கூட இருக்கும். பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் முன்வந்தால் முதல்வரின் அனுமதி எளிது. ஆனால் வெளிக் கல்லூரி நண்பர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். செமஸ்டர் தேர்வு வந்தால் அறையும் போச்சு.

பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்த குழு என்றால் நான் கிளை நூலகத்தைத்தான் சொல்வேன். 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு மக்கள் கட்டும் நூலக வரியில் நடப்பவை இவை. நம் வீட்டுப் பணமும் அதில் இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இயங்குகிறது. அதன் நிர்வாகிகளிடம் முதலில் பேசினால் நூலகரிடம் பேசுவது சுலபமாகும். எல்லாக் கிளையிலும் தனி அறை இருக்காது, இருந்தாலும் சத்தம் கூடாது. பாட்டு, நாடக ஒத்திகைக்கு அது சரிப்படாது. பதினைந்து பேர் உட்கார்ந்து திட்டமிடத் தாராளம். நோக்கம், நேரம், ஆள் எண்ணிக்கை எழுதிய கடிதத்தோடு போங்கள். வார விடுமுறை என்றைக்கு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.