தொழில் தொடங்க எந்த ஊர்: திருப்பூரா, சிவகாசியா?

கையில் கொஞ்சம் பணமும் பத்து வருஷ வேலை அனுபவமும் இருந்தால் திருப்பூரில் தொழில் தொடங்கிவிடலாம். நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று பனியன் தொழிலின் ஒவ்வொரு வேலையும் அங்கே தனித்தனியாக ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. வாடகைக் கட்டடத்தில் இரண்டு பழைய ஓவர்லாக், ஒரு பேட்லாக், இரண்டு சிங்கர் மெஷின் போட்டால் யூனிட் தயார். வெட்டிய துணி கம்பெனியிலிருந்து வரும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் சனிக்கிழமைதான் சோதனை. பில் பணம் வந்தாலும் வராவிட்டாலும், தைத்தவர்களுக்கு அன்றைக்கு வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சின்ன யூனிட்டுகள் தடுமாறுவது அங்கேதான்.

சிவகாசியில் பட்டாசுத் தொழிலுக்குள் இப்படி நுழைய முடியாது. லைசென்ஸ் வேண்டும், அறைக்கு அறை இடைவெளி வேண்டும், ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்ற கணக்கு உண்டு. இந்தக் கெடுபிடி அவசியம். ஆனால் லைசென்ஸ் இல்லாதவர்கள் சட்டவிரோதமாக உள்குத்தகைக்கு ஷெட் எடுக்கிறார்கள். குத்தகைப் பணத்தைத் தேற்ற ஆட்களை நெருக்கி உட்கார வைத்து வேலை வாங்குகிறார்கள். அந்த ஷெட்டில் தீப்பிடித்தால் உயிர்கள் போகின்றன. எனக்குப் பொறுக்காத விஷயம் இது.

அடி இரண்டு ஊருக்கும் விழுந்திருக்கிறது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா போடும் வரி 50 சதவீதமாக ஏறியது. சிவகாசிக்கு, சரவெடிக்கும் பேரியம் என்ற ரசாயனத்துக்கும் தடை போட்ட 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன.

மூடிய பிறகுதான் வித்தியாசம் தெரிகிறது. ஓவர்லாக் மெஷினை விற்றுவிடலாம். தையல்காரர் வேறு கம்பெனிக்குப் போகலாம், முதலாளியும் சூப்பர்வைசராகப் போய்விட்டு மறுபடி யூனிட் போடலாம். பட்டாசு ஷெட்டில் வேறு எந்தத் தொழிலைச் செய்ய? அங்கே வெடிமருந்து செலுத்திய கைக்கு அச்சகத்தின் ஆப்செட் மெஷின் உடனே பழகிவிடாது.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குத் திருப்பூர்தான் என்பேன். சிவகாசியை விட்டு வர முடியாதவர் உள்குத்தகைப் பக்கம் போகவே வேண்டாம். தீப்பெட்டி, பட்டாசு லேபிளை நம்பி வளர்ந்த அச்சுத் தொழில் அங்கே இருக்கிறது. லேமினேஷன், பைண்டிங், டை கட்டிங் ஜாப் ஒர்க்காக எடுக்கலாம். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்ததும் சீசன் சூடுபிடித்து மார்கழி வரை ஓடும். தை, மாசி வாடகைக்கு மட்டும் முன்கூட்டியே பணம் ஒதுக்கி வையுங்கள்.