ஃபொக்காச்சா, பியதினா, கரசாவ், ஃபரினாத்தா: எந்த இத்தாலிய ரொட்டியில் என்ன சத்து?

100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று மட்டும் பார்த்து இத்தாலியின் தட்டை ரொட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துதான் போவோம். சார்டீனியத் தீவின் பானே கரசாவ் 100 கிராமில் ஏறக்குறைய 375 கலோரி. எண்ணெய் மினுமினுக்கும் ஜெனோவா ஃபொக்காச்சாவோ 310 பக்கம்தான். அப்படியானால் ஃபொக்காச்சாதான் இலகுவான ரொட்டியா? இல்லவே இல்லை. கரசாவ் மாவில் எண்ணெயே சேர்ப்பதில்லை. சுட்டு உலர்த்திய பிறகு ரொட்டியில் இல்லாத இன்னொன்று தண்ணீர். எண் ஏறியதற்குக் காரணம் அதுதான்.

இங்கே நான் தரும் எண்கள் பெரும்பாலும் வழக்கமான செய்முறை அளவுகளை வைத்து, சுடும்போது ஆவியாகும் நீரைக் கழித்து நானே போட்ட கணக்கு. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். எது எதைவிடக் கூடுதல் என்பது பெரிதாக மாறாது.

முதலில் ஃபொக்காச்சா. ஒரு கிலோ மைதா போன்ற வெள்ளை மாவு, 600 மில்லி தண்ணீர், ஈஸ்ட், 25 கிராம் உப்பு, எல்லாம் சேர்த்து 140 கிராம் ஆலிவ் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். ஜெனோவாக்காரர்கள் பிசைந்த மாவைத் தட்டில் பரப்பி, விரல்களால் குழிகுழியாக அழுத்தி, உப்பும் எண்ணெயும் கலந்த தண்ணீரை அந்தக் குழிகளில் ஊற்றிச் சுடுகிறார்கள். அதன் ருசி அங்கேதான் இருக்கிறது, உப்பும் அங்கேதான் சேர்கிறது. 100 கிராமில் மாவுச்சத்து 48 கிராம், கொழுப்பு 10 கிராம், புரதம் 7 கிராம், உப்பு 1.6 கிராம் வரும். கலோரியைவிட எனக்குக் கவலை தருவது அந்த உப்புதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைப்பிடி அகலத்தில் 120 கிராம் துண்டு ஒன்றைச் சாப்பிட்டால் 2 கிராம் போய்விடுகிறது. ஜெனோவாவில் பலருக்கு இது காலைச் சிற்றுண்டி, காபியில் தோய்த்தும் சாப்பிடுவார்கள். நாள் தொடங்கும்போதே உப்புக் கணக்கில் பாதியை நெருங்கிவிடுகிறோம்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் சாதா ஃபொக்காச்சாவுக்கு 100 கிராமில் சுமார் 250 கலோரி, 8 கிராம் கொழுப்பு என்றுதான் இருக்கும். அதுவும் சரி, இதுவும் சரி. எண்ணெய் குறைந்து, தண்ணீர் கூடினால் எண் இறங்கிவிடும். ஆனால் அந்த நாட்டுப் பட்டியல்களில் இரும்புச்சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் பார்க்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். அமெரிக்காவில் செறிவூட்டிய வெள்ளை மாவில் இரும்பும் பி வைட்டமின்களும் சேர்த்திருப்பார்கள், 1998 முதல் ஃபோலிக் அமிலமும் கட்டாயம். இத்தாலியில் அப்படிக் கட்டாயம் கிடையாது. ஆகவே அந்தப் பட்டியலில் தெரியும் இரும்பு ஜெனோவாவில் சுட்ட ரொட்டியிலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

அடுத்தது பியதினா. ரிமினி, ராவென்னா, ஃபோர்லி, சேசெனா இருக்கும் ரொமான்யா பகுதியின் ரொட்டி. பார்வைக்கு நம் சப்பாத்திக்குத் தூரத்து உறவு. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான விதிமுறையே சத்துக் கணக்கைப் பாதி சொல்லிவிடுகிறது: ஒரு கிலோ மாவுக்கு உப்பு 25 கிராமுக்கு மேல் கூடாது, கொழுப்பு 250 கிராமுக்கு மேல் கூடாது. அந்தக் கொழுப்பு பன்றிக்கொழுப்பாகவும் இருக்கலாம், ஆலிவ் எண்ணெயாகவும் இருக்கலாம். 150 கிராம் சேர்த்தால் 100 கிராம் ரொட்டியில் சுமார் 340 கலோரி, 11 கிராம் கொழுப்பு. உச்சவரம்பான 250 கிராமையும் போட்டால் 380 கலோரி, 17 கிராம் கொழுப்பு. ஒரே பெயரில் விற்கும் இரண்டு ரொட்டிகளுக்கு இடையே இவ்வளவு வித்தியாசம்!

எந்தக் கொழுப்பு என்பது அதைவிட முக்கியம். பன்றிக்கொழுப்பில் ஏறக்குறைய 39 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, ஆலிவ் எண்ணெயில் 14 சதவீதம்தான். கலோரி இரண்டிலும் ஒன்றே, கிராமுக்கு 9. இதயத்துக்கு ஒன்றல்ல. ரிமினிப் பக்கத்துப் பியதினா 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காது, மற்ற வகை 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை போகும். தட்டில் ஒன்றுதானே என்று எண்ணிக்கையில் கணக்கு வைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

இனி என் மனசுக்குப் பிடித்த கரசாவ். டியூரம் கோதுமை ரவையை மறுபடி அரைத்த மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, அவ்வளவுதான். கொதிக்கும் அடுப்புக்குள் போட்டதும் பூரி போல உப்பும். உப்பியதைக் கத்தியால் இரண்டு தகடுகளாகப் பிரித்து, மறுபடி அடுப்பில் மொறுமொறுப்பாக உலர்த்துகிறார்கள். ஈரம் போய்விடுவதால் நாள்கணக்கில் கெடாது. மேய்ச்சலுக்குப் போன ஆட்டிடையர்கள் கையோடு கொண்டுபோன ரொட்டி இது. 100 கிராமில் மாவுச்சத்து 75 கிராம், புரதம் 12-13 கிராம், கொழுப்பு வெறும் 1 கிராம். ஆனால் 100 கிராம் கரசாவை ஒரே வேளையில் யார் சாப்பிடுவார்கள்? இத்தாலிய ஊட்டச்சத்து வழிகாட்டுதலில் ரொட்டியின் ஒரு பங்கு 50 கிராம், பிஸ்கட் போன்ற உலர்ந்த வகைகளுக்கு 30 கிராம். 30 கிராம் கரசாவ் என்றால் 110 கலோரி, அரை கிராம் உப்பு. 120 கிராம் ஃபொக்காச்சாத் துண்டோ 370 கலோரி. கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. கடையில் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: பக்கத்திலேயே 'குத்தியாவ்' என்று ஒன்று இருக்கும். அது எண்ணெயும் உப்பும் தடவிய கரசாவ், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

ஃபரினாத்தாவை ரொட்டி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். ஜெனோவா இருக்கும் லிகூரியா பகுதியில் ஃபொக்காச்சா விற்கும் கடைகளிலேயே இதையும் வெட்டித் தருகிறார்கள், எனக்கு அது போதும். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெய் சேர்த்து, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவது. 100 கிராமில் சுமார் 210 கலோரி, புரதம் 7 கிராம், நார்ச்சத்து 3.5 கிராம், மாவுச்சத்து 16 கிராம்தான். கொழுப்பு மட்டும் 12 கிராம், பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயிலிருந்து வருவது. புரதம் ஃபொக்காச்சாவில் உள்ள அளவுதான், ஆனால் அது கலோரியில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவும் நார்ச்சத்து இரண்டு மடங்காகவும் வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த நான்கில் ஒன்றைத் தேடினால் முதலில் இதைத்தான் காட்டுவேன். கோதுமையே இல்லாததால் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஆகும். ஆனால் ஃபொக்காச்சா சுடும் அடுப்பிலேயே சுட்டதா என்று அவர்கள் கேட்டுக்கொள்வது அவசியம்.

தினமும் மேசையில் வைப்பதற்குக் கரசாவ், பசிக்கு ஃபரினாத்தா, ஆசைக்கு எப்போதாவது ஒரு துண்டு ஃபொக்காச்சா என்பது என் தேர்வு. பியதினாவை ஒதுக்கவில்லை, ஆலிவ் எண்ணெயில் செய்ததாக இருந்தால் அதுவும் நல்ல உணவே. பொட்டலத்தின் பின்பக்கம் 'ஸ்த்ருத்தோ' என்ற சொல் இருந்தால் பன்றிக்கொழுப்பு என்று அர்த்தம். சைவம் சாப்பிடுபவர்களும் பன்றியைத் தவிர்ப்பவர்களும் கலோரி எண்ணைப் பார்க்கும் முன் அந்தச் சொல்லைத் தேடுங்கள்.