காணிப் பத்திரங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுருக்குதல்: குழு 4, ஜேபிக்2

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல இடப்பெயர்வுகளைக் கடந்து எஞ்சிய காணி அனுமதிப்பத்திரங்களை ஸ்கேன் செய்து கறுப்பு வெள்ளைப் படங்களாகச் சேமிப்போர், அவற்றைக் கட்டளை வரியில் சுருக்க இரு வழிகள் உள்ளன.

முதலாவது, தொலைநகலுக்கென 1984 இல் வகுக்கப்பட்ட குழு 4 முறை. டிஃப் படக் கோப்புகளைப் பிரதியெடுக்கும் ‘டிஃப்சிபி’ (tiffcp) கருவிக்கு ‘சி’ (-c) தெரிவுடன் ‘ஜி4’ (g4) என்று கொடுத்தால் போதும். ஒவ்வொரு வரியையும் மேலுள்ள வரியோடு ஒப்பிட்டு நிறம் மாறும் இடங்களை மட்டும் குறிப்பதால் ஒரு புள்ளிகூட இழக்கப்படுவதில்லை. ஆயினும் கறை படிந்த தாளில் கோப்பு பெருத்துவிடும்.

இரண்டாவது, 2000 இல் தரமாக்கப்பட்ட ஜேபிக்2 (JBIG2) முறை. இது அண்டைப் புள்ளிகளைக் கொண்டு அடுத்த புள்ளியை ஊகித்துக் குறியிடுவதால் பெரும்பாலும் இன்னும் சிறிய கோப்பைத் தருகிறது. அதற்கான ‘ஜேபிக்2 என்க்’ (jbig2enc) கருவியை இயல்பு நிலையில் இயக்கினால் இதுவும் இழப்பற்றதே. ‘எஸ்’ (-s) தெரிவைச் சேர்க்கும்போதுதான் ஆபத்து: ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளுக்கெல்லாம் ஒரே வடிவத்தை அது இட்டுவிடுகிறது. ஜெராக்ஸ் இயந்திரங்கள் சிலவற்றில் 6 என்பது 8 ஆக மாறியதாக 2013 இல் வெளிப்பட்டதும் இத்தகைய பதிலீட்டினாலேயே. ஏக்கர், றூட், பேர்ச் அளவுகளில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் எல்லைத் தகராறு வரும் என்பதால், பத்திரங்களுக்கு அத்தெரிவு வேண்டவே வேண்டாம்.

பழைய மென்பொருள்களும் திறக்கக்கூடிய குழு 4 இல் மூலப்பிரதியை வைத்துக்கொண்டு, பிடிஎஃப் ஆக அனுப்பும் பிரதிக்கு மட்டும் இழப்பற்ற ஜேபிக்2 ஐப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன்.