புதுச் சாயத்துக்கு 4,800 வெள்ளி கொடுத்த கதை

என்னுடையது 2009ஆம் ஆண்டு இசுசு டி-மேக்ஸ் பிக்கப் வண்டி, 3.0 லிட்டர் டீசல். மலேசியாவின் செப்பாங்கில் நடக்கும் 402 மீட்டர் நேர் ஓட்டப் பந்தயத்தில் நான்கு சக்கரமும் இழுக்கக் கிளம்ப வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எஞ்சின் வேலை முடிந்திருந்தது, முன்பக்கம்தான் பலவீனம். அதைப் பலப்படுத்தச் செகாம்புட் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். அந்தப் பட்டறை மேல் நான் போட்ட மனு நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

முதலாளியின் பேச்சில் தேன் ஒழுகியது. "தம்பி, டை ராடுக்குக் கெட்டியான எஃகு உறை, இரண்டு பக்கமும் புது டிரைவ் ஷாஃப்ட், முன் டிஃபரென்ஷியலைப் பிரித்துப் புது பேரிங். அப்புறம் நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் தாங்கும்" என்றார். டை ராடு என்பது சக்கரத்தைத் திருப்பும் கம்பி, டிரைவ் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, டிஃபரென்ஷியல் அந்த விசையை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. மொத்தம் 4,800 வெள்ளி (ரிங்கிட்). அதில் 3,000 முன்பணம். பத்து நாள் என்றது ஐந்து வாரமானது. பில்லில் ஒரே வரி: "முன்பக்க வேலை". "பழைய சாமான் எங்கே அண்ணே?" என்றேன். பழைய இரும்புக்காரன் நேற்றே அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குனிந்து பார்த்தால் அடியில் எல்லாம் பளபளவென்று கறுப்புச் சாயம், மயங்கிவிட்டேன்.

இனாமாக இன்னொன்றும் செய்தார். முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பார் என்ற கம்பியை முறுக்கி முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டார், கம்பீரமாக இருக்குமாம். கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்து வண்டியின் மூக்கு தானாகவே எழும்பும். எழும்ப எழும்ப டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு மடங்கும், மடங்கிய மூட்டு முறுக்கைத் தாங்காது. அதனால்தான் இந்த ஓட்டத்துக்கு முன்பக்கத்தைத் தாழ்த்துவார்கள், மேலே எழும்பாமல் பட்டை போட்டும் கட்டுவார்கள். இவர் நேர்மாறாகச் செய்து வைத்தார்.

முதல் ஓட்டத்திலேயே பலன் தெரிந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச்சில் போட்டு மிதித்தேன். இருபது மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், 'டப்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது சக்கரம் உள்பக்கம் திரும்பி வலது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வேகம் ஏறியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

கெப்போங்கில் வேறொரு மெக்கானிக் கழற்றிக் காட்டினார். எஃகு உறை என்றது, வீட்டுத் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து டை ராடின் மேல் வைத்துப் பற்றவைத்தது. உண்மையான உறை பற்றவைப்பே இல்லாமல் ராடின் மேல் நுழைந்து நட்டால் இறுகும். பற்றவைத்த சூட்டில் இது இன்னும் வலுவிழந்து, வெல்டிங் ஓரத்திலேயே மடங்கியிருந்தது. டிஃபரென்ஷியலின் மூடியைத் திறந்த அடையாளமே இல்லை. 'புது' டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையில் ஒரு கேபிள் டை இருந்தது. கிளிப் அறுந்தபோது மூன்று வருடம் முன்பு நானே கட்டியது! அதன் மேலேயே சாயம் அடித்திருந்தார் மகாராசன்.

இதையெல்லாம் படமெடுத்துப் பட்டறை முதலாளிக்கு அனுப்பினேன். "பந்தயத்துக்கு உத்தரவாதம் கிடையாது தம்பி" என்று ஒரு வரி பதில் வந்தது. பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். உங்களுக்கும் யாராவது "முன்பக்க வேலை" என்று ஒரே வரியில் பில் கொடுத்திருந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் மனு செய்யலாம். வண்டியைத் தூக்கி, சாயத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.